மலைத் தண்ணீரில் கரையாத மூட்டை

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி. படுக்கப் போகும் நேரத்தில் கேமரன் மலையிலிருந்து என் மச்சான் அழைத்தார்.

“தூங்கிட்டீங்களா மச்சான்? இந்தத் தடவை வாங்குன பொட்டாசியம் நைட்ரேட்டுல என்னமோ கலந்திருக்காங்க. பாதி கரைய மாட்டேங்குது. தொட்டிக்கு அடியில மண்ணு மாதிரி கிடக்குது.”

மச்சான் என் மனைவியின் தம்பி. கம்போங் ராஜா பக்கம் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி பயிரிடுகிறார். மண்ணில் அல்ல, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில். உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்துவிடுவார். குழாய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிப் பாசனத் தண்ணீரோடு கலந்து ஒவ்வொரு செடிக்கும் சொட்டுச் சொட்டாகக் கொண்டு போகும். இப்படிப் பயிர் செய்கிறவருக்குத் தொட்டியில் கரையாத உரம் செடிக்குப் போய்ச் சேராத உரம். இரண்டு வாரமாகவே முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகுகிறது, பழம் ஒரே சீராகச் சிவக்காமல் திட்டுத் திட்டாகப் பழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொட்டாசியம் போதாத செடியின் அடையாளம் இது.

அவரை அதைவிட அதிகம் வருத்தியது வேறொரு விஷயம். மூட்டையை விற்றவர் மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர். பத்து வருடப் பழக்கம். அறுவடை முடிந்து காசு வந்த பிறகு கொடுத்தால் போதும் என்று கடனுக்கு உரம் தருகிறவர். மச்சானின் தோட்டம் ஓடுவதே அந்தக் கடன் கணக்கில்தான்.

“அவரே இப்படிச் செஞ்சா நான் எங்க போறது?” என்றார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அந்தக் குரலில் தெரிந்தது.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். “யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. நாளைக்கு வர்றேன்” என்று சொல்லி வைத்தேன். ஒரு வெப்பமானி, பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு (கேக் செய்யும் என் மகள் ஈஸ்ட் நிறுக்க வைத்திருப்பது), ஊசியில்லாத மருந்துப் பீச்சாங்குழல், பஞ்சு, பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு புட்டி. இவற்றைக் காரில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலை சிம்பாங் பூலாய் சாலையில் மலையேறினேன்.

முதலில் தொட்டியைப் பார்த்தேன். கடைக்காரர் சொன்ன அளவு எளிமையானது: 100 லிட்டர் தண்ணீருக்கு 25 கிலோ மூட்டை ஒன்று. கீழே மிளகாய் போடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கலக்கிறார்கள், நன்றாகவே கரைகிறது என்று சொல்லியிருக்கிறார். புது மூட்டை ஒன்றை என் முன்னாலேயே பிரித்துக் கலக்கச் சொன்னேன். ஓடையிலிருந்து வரும் தண்ணீரில் வெப்பமானியை விட்டேன். 19 டிகிரி. மூட்டையைக் கொட்டி மரத்துடுப்பால் கிளறக் கிளற அந்தக் கோடு இறங்கிக்கொண்டே போனது. 15, 12, 9. கடைசியில் 6 டிகிரியில் நின்றது. தொட்டியின் வெளிப்பக்கம் ஐஸ் போட்ட குவளையைப் போல வியர்த்துவிட்டது. அடியில் துடுப்பை விட்டுப் பார்த்தால் நறநறவென்று உப்பு.

“பாத்தீங்களா?” என்றார் மச்சான்.

பார்த்தேன். ஆனால் அவர் பார்த்ததை அல்ல.

தண்ணீரில் கரையும்போது சில உப்புகள் வெப்பத்தை வெளிவிடும், சில உறிஞ்சும். பொட்டாசியம் நைட்ரேட் இரண்டாவது வகை. நம் பெரியவர்கள் வெடியுப்பு என்று சொன்னது இதைத்தான். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் தண்ணீரைக் குளிர வைக்கவே இது பயன்பட்டது. அக்பர் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு குடிதண்ணீரைக் குளிரச் செய்ததை அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் எழுதி வைத்திருக்கிறார். மச்சான் தன் தொட்டியில், தெரியாமலேயே, அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

தண்ணீர் குளிர்ந்தால் மட்டும் போயிற்றா? குளிர்ந்த தண்ணீரில் இந்த உப்பு கரைகிற அளவும் சரிந்துவிடும். பாடநூல் கணக்குப்படி 100 கிராம் தண்ணீரில் 40 டிகிரியில் சுமார் 64 கிராம் கரையும். 30 டிகிரியில் 46, 20 டிகிரியில் 32, 10 டிகிரியில் 21. உறைநிலையில் வெறும் 13. நம் சமையல் உப்பு அப்படி இல்லை. அது உறைநிலையில் ஏறக்குறைய 36 கிராம், 30 டிகிரியிலும் ஏறக்குறைய அதே 36 கிராம். வீட்டு உப்பை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு உப்பு என்றால் எப்போதும் ஒரே அளவுதான் கரையும் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. சீனி விஷயத்தில் நாம் ஏமாறுவதில்லை. கோப்பிக் கடையில் ‘கோப்பி ஓ ஐஸ்’ கலக்கிறவர் சீனியைச் சூட்டிலேயே கரைத்துவிட்டுத்தான் ஐஸைக் கொட்டுகிறார்.

ஆக, மூட்டை நல்ல மூட்டையாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ‘இப்படி இருக்கலாம்’ என்பது வேறு, ‘இப்படித்தான்’ என்பது வேறு. கலப்படம் இல்லை என்று எப்படிச் சொல்வது? மச்சானும் அதைத்தான் கேட்டார். மலைத் தண்ணீரின் குளிரில் இந்த மூட்டை உப்பு எவ்வளவு கரைகிறது என்று அளந்துவிடுவோம், புத்தகக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்றேன்.

அளக்கும் முறை கேட்பதற்குச் சுலபம். ஒரு புட்டியில் தண்ணீரை ஊற்றி, கரையக்கூடியதைவிட அதிகமாகவே உப்பைப் போட வேண்டும். இனிமேல் கரையாது என்ற நிலை வரும்வரை ஒரே வெப்பத்தில் வைத்துக் குலுக்க வேண்டும். உப்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த கரைசலை மட்டும் எடுத்து நிறுக்க வேண்டும். பிறகு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கி, மிஞ்சும் உப்பை நிறுக்க வேண்டும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீர். அவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு உப்பு என்றால் 100 கிராமுக்கு எவ்வளவு என்பது சாதாரணக் கணக்கு. போட்ட உப்பை நிறுத்து, மிஞ்சிய உப்பை நிறுத்துக் கழிக்கலாமே என்று கேட்கலாம். அடியில் மிஞ்சிய ஈர உப்பில் கரைசலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் கணக்கு கெடும்.

மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மலைக் குளிருக்குத் தக்கபடி 15 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஜாம் புட்டியில் 150 கிராம் வடிநீரும் 80 கிராம் உப்பும் போட்டு மூடி, பெட்டித் தண்ணீரில் இறக்கினேன். எடுத்துக் குலுக்குவதும் வைப்பதுமாகக் கால் மணி நேரம். வெப்பமானி 15 காட்டியது. பீச்சாங்குழல் நுனியில் பஞ்சைச் சுற்றித் தெளிந்த கரைசலை உறிஞ்சி, நிறுத்து வைத்திருந்த கிண்ணத்தில் சரியாக 50.0 கிராம் எடுத்தேன்.

கிண்ணத்தைக் கொதிக்கும் பானையின் ஆவியில் வைத்தோம். வெடியுப்பை நேரடி நெருப்பில் வறட்டுவது ஆபத்து. காகிதம், துணி, விறகு எதோடு சேர்ந்தாலும் தீயை மூட்டிவிடும். அதனால் ஆவியில் மட்டும், பொறுமையாக. தங்கச்சிக்குத்தான், மச்சானின் மனைவிக்குத்தான், பொறுமை இல்லை. “என் இட்லிப் பானைதான் கிடைச்சுதா அண்ணே?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். (கேட்டதில் நியாயம் இருக்கிறது. உரம் தொட்ட கிண்ணத்தைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது. கிண்ணத்துக்கு ஐந்து ரிங்கிட் கொடுத்துவிட்டேன்.)

வெள்ளையாகக் காய்ந்ததும் நிறுத்தேன். இன்னும் கொஞ்சம் காயவைத்து மறுபடி நிறுத்தேன். எடை மாறவில்லை. உப்பு 8.6 கிராம், தண்ணீர் 41.4 கிராம். அப்படியென்றால் 100 கிராம் தண்ணீருக்கு 20.8 கிராம்.

புத்தகக் கணக்கில் 15 டிகிரியில் 26 கிராம் அளவில் வர வேண்டும். ஐந்து கிராம் குறைகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் “குறையுதே மச்சான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் நிறுத்தி யோசிப்பதற்குள் அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். “என் மச்சான் கெமிஸ்ட்ரி வாத்தியார். அவரே சோதிச்சுப் பார்த்துட்டார்” என்று கடைக்காரரிடம் சொல்வது உள்ளே கேட்டது. பத்து வருடப் பழக்கத்தை முறிக்க என் பெயரும் என் எண்ணும் போதுமானதாக இருந்தன. அந்தப் பெரியவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அதிகம் பேசவில்லை என்று மச்சானே பிறகு சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மச்சானின் மகள், நான்காம் படிவம் படிக்கிறவள், ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, நீங்க எழுதி வச்ச 15 டிகிரி எதோட டிகிரி?”

“பெட்டித் தண்ணியோடதுமா.”

“புட்டிக்குள்ள வெப்பமானி விடலையா? நான்தானே குலுக்கினேன். பெட்டித் தண்ணி சும்மா குளிரா இருந்துச்சு. புட்டி அதைவிட ரொம்பக் குளிரு. விரலு மரத்துப் போச்சு.”

சோறு தொண்டையில் இறங்கவில்லை. மதியம் 100 லிட்டர்த் தொட்டியில் கண்ணால் பார்த்து அக்பர் கதை வரை விளக்கமாகச் சொன்னவன், அதே உப்பு ஜாம் புட்டிக்குள்ளும் தண்ணீரைக் குளிர வைக்கும் என்பதை மறந்துபோனேன். கால் மணி நேரத்தில் புட்டி பெட்டித் தண்ணீரின் வெப்பத்துக்கு வந்திருக்கவே முடியாது. 20.8 என்பது ஏறக்குறைய 10 டிகிரியின் கணக்கு. எண் சரியான எண்தான், நான்தான் அதைத் தவறான வெப்பத்துக்கு எழுதினேன்.

முப்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் செய்முறை ஏட்டில் ‘வெப்பநிலையைக் குறிக்கவும்’ என்று சிவப்பு மையால் எழுதியிருப்பேன்!

அன்று இரவே மறுபடி தொடங்கினோம். இந்த முறை இரண்டு புட்டிகள். ஒன்றில் பழையபடி குளிர்ந்த தண்ணீரில் அதிக உப்பு. இன்னொன்றில் அதே அளவு தண்ணீரும் உப்பும் போட்டு, வெதுவெதுப்பாக 45 டிகிரி வரை சூடாக்கி முழுவதும் கரைத்துவிட்டு, பிறகு குளிர விடுவது. முதல் புட்டியில் உப்பு கரைந்து கரைந்து எல்லைக்கு மேலேறி வரும். இரண்டாவதில் கரைந்தது படிகமாகக் கழன்று கழன்று எல்லைக்குக் கீழிறங்கி வரும். போதுமான நேரம் கொடுத்தால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால் நமக்கு இன்னும் பொறுமை வேண்டும் என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் எண்ணை நம்பலாமா என்று சோதிக்க இது பழைய வழி. முதலிலேயே செய்திருக்கலாம்.

சூடான புட்டியைக் குளிர விட்டபோது இன்னொரு சோதனையும் நடந்துவிட்டது. முழுவதும் கரைந்த நிலையில் கரைசல் தெளிவாக இருந்தது. அடியில் மணலோ சுண்ணாம்போ தங்கவில்லை. குளிரக் குளிர நீளமான ஊசிகளாகப் படிகம் வளர்ந்தது. அது வெடியுப்புக்கே உரிய வடிவம். பிள்ளை கைவிளக்கைப் புட்டிக்குப் பின்னால் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பீகாரிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன வெடியுப்பைச் சுத்தம் செய்ததும் இப்படித்தான் என்று அவளுக்குச் சொன்னேன். அழுக்கு உப்பைக் கொதிநீரில் கரைத்து ஆறவைத்தால் வெடியுப்பு படிகமாக விழும். கூடக் கலந்த சமையல் உப்பு, குளிரிலும் அதே அளவு கரைவதால், தண்ணீரிலேயே நின்றுவிடும்.

இரவெல்லாம் இரண்டு புட்டிகளும் பெட்டித் தண்ணீரில் கழுத்தளவு முழுகிக் கிடந்தன. மலையில் இது ஒரு வசதி. ஈப்போவாக இருந்தால் ஐஸ் கட்டி வாங்கி ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்க வேண்டும். நடுவில் இரண்டு தடவை எழுந்து குலுக்கினேன். தூக்கம் வராததற்கு அது மட்டும் காரணமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெப்பமானியை முதல் புட்டிக்குள்ளேயே விட்டேன். 15. இரண்டாவதிலும் 15. பீச்சாங்குழலையும் அதே தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தோம். குளிர்ந்த குழலில் கரைசல் ஏறினால் உள்ளேயே படிகம் விழுந்து அளவு குறைந்துவிடும், சூடான குழலென்றால் பஞ்சில் ஒட்டிய துகளும் கரைந்து அளவு கூடிவிடும்.

இரண்டிலிருந்தும் 50.0 கிராம் எடுத்தோம். மதியத்துக்குள் காய்ந்தது. முதல் புட்டியில் உப்பு 10.3 கிராம், தண்ணீர் 39.7. அதாவது நூற்றுக்கு 25.9. இரண்டாவதில் 10.4-உம் 39.6-உம், நூற்றுக்கு 26.3. என் தராசு பத்தில் ஒரு கிராம் தவறினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் 26-இல் சந்தித்துவிட்டன.

இதனால் மூட்டை நூற்றுக்கு நூறு சுத்தம் என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் மலிவான சமையல் உப்பைக் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்து, காய்ந்த எடை 26-க்கு மேலே போயிருக்கும். மணலைக் கலந்திருந்தால் சூடான புட்டியின் அடியில் தங்கியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. பையில் அச்சிட்டிருந்த 13-0-46 என்ற எண்ணைச் சந்தேகிக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

மச்சான் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். “அப்போ அவருகிட்ட நான்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“நீங்க இல்ல, நான் பேசுறேன்” என்றேன்.

கடைக்காரரை அழைத்து, நேற்றுச் சொன்ன எண் என் தவறு, மூட்டையில் குறையில்லை என்று சொன்னேன். எப்படித் தவறினேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்போ மேலே இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற அளவுதான் சரியில்லைங்களா சார்?” என்று கேட்டார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அளவுதான் சரியில்லை. கீழே 30 டிகிரியில் 100 லிட்டருக்கு 46 கிலோ வரை இடம் இருக்கிறது. 25 கிலோ ஒரு பொருட்டே இல்லை. மலையில் 15 டிகிரியில் 26 கிலோதான். ஒரே ஒரு கிலோ இடைவெளி. அதுவும் நன்றாகக் கிளறி, குளிர்ந்த தொட்டி மறுபடி 15-க்கு வரும்வரை காத்திருந்தால். கிளறாமல் விட்டால் அடியில் கிடக்கும் உப்பைச் சுற்றி ஏற்கெனவே நிறைந்த கரைசல் கனமாகப் படுத்துக்கொள்ளும், மேலே உள்ள தண்ணீர் கீழே வராது. குளிர் அதிகமான ராத்திரியில் தொட்டி 10 டிகிரிக்கு இறங்கினால் 21 கிலோதான் தாங்கும். மீதி நான்கு கிலோ, கரைந்திருந்ததுகூட, படிகமாக விழும். விழுகிற இடம் தொட்டியின் அடி மட்டுமில்லை, உறிஞ்சும் குழாயின் வடிகட்டியிலும்தான். கழற்றிப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஊசிப் படிகம். செடிகள் இரண்டு வாரமாகப் பட்டினி கிடந்த காரணம் அங்கே இருந்தது. வெந்நீரில் அலசியதும் போய்விட்டது. சுண்ணாம்புப் படிவமாக இருந்தால் அமிலம் தேவைப்பட்டிருக்கும்.

இனி 100 லிட்டருக்கு 12 கிலோ என்று முடிவு செய்தோம். உறைநிலையிலும் 13 கிலோ கரையும் என்பதால் எந்த ராத்திரிக்கும் பயமில்லை. கரைசல் பாதியாகத் தளர்ந்ததால் உறிஞ்சும் அளவை இரண்டு மடங்காகத் திருப்பி வைத்தோம். செடிக்குப் போய்ச் சேருவது பழைய அளவுதான். கலப்பதும் காலையில் வேண்டாம், கறுப்புத் தொட்டியில் வெயில்பட்ட தண்ணீரில் மத்தியானம் கலக்கலாம்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்கள் உரத்தைத் தேட வேண்டாம். சமையல் உப்பே போதும். ஐஸ் கட்டியை எடுத்துவிட்ட குளிர்ந்த தண்ணீர் 100 கிராம், உப்பு 40 கிராம். நன்றாகக் கிளறி அரை மணி நேரம் வைத்தால் நான்கு கிராம் அளவுக்கு அடியில் தங்கும். அதே புட்டியை வெயிலில் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். அந்த நான்கு கிராம் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். வெப்பமானியைப் புட்டிக்குள் விடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மச்சான் ஒரு படம் அனுப்பினார். தொட்டியின் மேல் பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதம், மகளின் கையெழுத்து: ‘100 லிட்டர் – 12 கிலோ. மத்தியானம் மட்டும். கலந்த பிறகு டிகிரி பார்க்கவும் (உள்ளே!).’ கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மலையில் இருக்கிற மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போனாராம். கடன் புத்தகத்தில் அந்த மாதக் கணக்கை வழக்கம்போல எழுதிவிட்டுத்தான் போனாராம்.